ஏசி போட்டால் கியர் இடிக்கிறதா? பழைய மியாட்டா வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை அமெரிக்காவில் எல்லோரும் மியாட்டா என்றுதான் சொல்வார்கள். 1990 முதல் 2005 வரை வந்த அதன் முதல் இரண்டு தலைமுறைகளில் ஒன்றை, மேனுவல் கியரோடு, நீங்கள் இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டெக்சஸ் மாதிரி இடத்தில் மே மாதம் வந்தால் ஏசி இல்லாமல் ஓட்ட முடியாது. ஏசி பொத்தானை அழுத்தியதும் கார் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சிக்னலில் நிற்கப்போகும்போது ஆஃப் ஆகிவிடுகிறது, கியர் மாற்றிக் கிளட்ச்சை விட்டால் குலுக்குகிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது.

இதே புகார்களோடு என் 1.6 லிட்டர் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். மதிப்பீட்டுத் தாளில் 2,000 டாலருக்கு மேல் போட்டிருந்தது. அதன் பிறகு பல இடங்களில் அலைந்து, பழைய மியாட்டாக்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில், தேவைப்பட்டது ஒரு ஸ்லேவ் சிலிண்டரும் (பெடலை மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் கிளட்ச்சைப் பிரித்துவிடும் பாகம்) நன்றாகச் சுத்தம் செய்த ஒரு ஐடில் வால்வும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) மட்டுமே. அந்த கியர்பாக்ஸில் இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. புகார் கையிலா, உடம்பிலா என்று பிரியுங்கள்

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏசி கம்ப்ரசருக்கும் கியர்பாக்ஸுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட்டில் ஓடுகிறது. அதன் முகப்பில் இருக்கும் மின்காந்தக் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும்போது எஞ்சின் மேல் சுமை ஏறுகிறது, விட்டதும் இறங்குகிறது. அந்தச் சுமை சில குதிரைத்திறன்தான். 1.6 லிட்டர் மியாட்டா 116 குதிரைத்திறன் தருவது 6,500 ஆர்.பி.எம்மில். 850-இல் ஐடில் ஓடும்போது எஞ்சினிடம் மிச்சமிருக்கும் பலம் மிகக் கொஞ்சம். அதனால்தான் ஹைவேயில் தெரியாத ஏசி, சிக்னலில் அவ்வளவு தெரிகிறது.

இப்போது கியர் மாற்றும் அந்த அரை நொடியைப் பாருங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்தால் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர் லீவர் உள்ளே போவது கியர்பாக்ஸின் வேலை. சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம்), கியர் ஆயில், கிளட்ச் சரியாகப் பிரிவது, இந்த மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். கிளட்ச்சை விடும்போது இழுப்போ குலுக்கலோ வந்தால், அது எஞ்சின் ஆர்.பி.எம் பொருந்தாததால் வருவது. ஏசி கை வைக்கிற இடம் இதுதான்.

ஆகவே, லீவர் இறுகுகிறது, தடுக்கிறது, கரகரக்கிறது என்றால் அது கையில் தெரியும் புகார். 4, 5 ஆவது படிகளைப் பாருங்கள். லீவர் வெண்ணெய் மாதிரி போகிறது, ஆனால் கிளட்ச்சை விட்டதும் உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் 3, 6, 7. இரண்டும் சேர்ந்தே இருந்தால் (பழைய காரில் அதுதான் வழக்கம்) எல்லாப் படிகளும் உங்களுக்குத்தான்.

2. சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்

பானெட்டைத் திறந்தால் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றில் ஐடில் ஆர்.பி.எம், இக்னிஷன் டைமிங் விவரம். மற்றொன்றில் ஏசி வாயு எந்த வகை, எவ்வளவு எடை என்ற விவரம். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் ஸ்டிக்கர் கிழிந்திருக்கலாம். அப்போது உங்கள் மாடல் ஆண்டுக்கான பட்டறைக் கையேட்டைத் தேடுங்கள்.

வாயு வகை ஏன் முக்கியம் என்றால், 1990 முதல் 1993 வரையிலான மியாட்டாக்கள் ஆர்-12 வாயுவோடு வந்தவை. 1994-இலிருந்து ஆர்-134ஏ. ஆர்-12 வாயுவை அமெரிக்காவில் உரிமச் சான்று உள்ளவருக்கு மட்டுமே விற்பார்கள். ஆகவே பழைய 1.6 லிட்டர் காரை யாராவது இடையில் ஆர்-134ஏ-க்கு மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றியிருந்தால் அந்த ரசீதை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் இணைப்பு முனைகள் புதிதாக, அகலமாக இருந்தாலும் மாற்றப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கிளட்ச் எப்போது மாற்றினார்கள், கியர் ஆயில் எந்த வகை ஊற்றினார்கள், ஃபிளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) அசலா அல்லது எடை குறைந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் ரசீது இருந்தால் மிக நல்லது. ஃபிளைவீல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எடை குறைந்த ஃபிளைவீல் போட்ட காரில் கிளட்ச்சை மிதித்ததும் ஆர்.பி.எம் சரசரவென்று விழும். அதன் மேல் ஏசி சுமையும் சேர்ந்தால் ஐடில் தடுமாறுவது அந்தக் காரின் இயல்பு. அதைப் பழுது என்று நினைத்துத் துரத்தாதீர்கள்.

3. ஐடில் சோதனை: செலவே இல்லை, அரை மணி நேரம்

காரை 15 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, லைட், ரேடியோ எல்லாம் அணைத்துவிட்டு ஆர்.பி.எம் முள்ளைப் பாருங்கள். அசல் நிலையில் 850 அருகே நிற்க வேண்டும்.

இப்போது ஏசியைப் போடுங்கள். ஆரோக்கியமான காரில் முள் ஒரு கணம் லேசாகக் குனியும், உடனே நிமிர்ந்து பழைய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போய் நிலைக்கும். ஏசி போட்ட செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அது ஐடில் வால்வைத் திறந்து கூடுதல் காற்று விடுவதால் நடப்பது இது. முள் 600-க்குக் கீழே விழுந்து கார் நடுங்கினாலோ, மேலும் கீழும் ஊசலாடினாலோ, ஆஃப் ஆகிவிட்டாலோ, உங்கள் கியர் குலுக்கலில் பெரும்பகுதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து, ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்து 3,000 வரை ஏற்றிச் சட்டென்று விடுங்கள். கிளட்ச்சை மிதித்தபடி சிக்னலுக்கு உருண்டு வரும்போது எஞ்சின் படும் பாடு இதுதான். முள் ஐடிலுக்குக் கீழே இறங்கிச் சாகப்பார்க்கிறது என்றால், பெரும்பாலும் த்ராட்டில் பாடியும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து எஞ்சினுக்குக் காற்று விடும் தகடு இருக்கும் பாகம்) அதன் அடியில் இருக்கும் ஐடில் வால்வும் கரி பிடித்துப்போயிருக்கும். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனர் ஒரு டப்பா 10 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். முன்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி, தகட்டின் விளிம்பில் படிந்திருக்கும் கறுப்பு வளையத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். ஐடில் வால்வையும் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் த்ராட்டில் பாடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குப் புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏசி போட்டால் ஆஃப் ஆகிறது என்று சொன்னால், பலர் ஐடிலைத் திருகி 1,100, 1,200 என்று ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். கார் ஆஃப் ஆகாது, உண்மைதான். ஆனால் ரிவர்ஸ் இன்னும் மோசமாகக் கரகரக்கும், முதல் கியர் இடித்துக்கொண்டு விழும், நகரத்தில் கார் தானாக இழுக்கும். முதல் தலைமுறை மியாட்டாவில் ஐடிலைச் சரிசெய்ய முறை உண்டு. பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, அதன் பிறகுதான் காற்றுத் திருகைத் தொட வேண்டும். இணைக்காமல் திருகினால் கம்ப்யூட்டர் அதை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். த்ராட்டில் தகடு முட்டும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

4. ரிவர்ஸ் சோதனை: கிளட்ச் முழுக்கப் பிரிகிறதா?

எஞ்சின் சூடாக ஓடும்போது, ஏசி ஆஃபில், கிளட்ச்சைத் தரைவரை மிதியுங்கள். மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஏசியைப் போட்டு, அதையே மறுபடியும் செய்யுங்கள்.

ஏசி ஆஃபில் சத்தமில்லை, ஏசி ஆனில் கரகர என்றால் எல்லோரும் பழியை ஏசி மேல் போடுவார்கள். நடப்பது வேறு. கிளட்ச் முழுக்கப் பிரியாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஏசி போட்டதும் ஐடில் ஏறுவதால், ஒட்டியிருக்கும் கிளட்ச் தகடு கியர்பாக்ஸின் உள் தண்டை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. 850-இல் தெரியாமல் இருந்த குறை 1,000-இல் காதுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். ஏசி ஒரு நோயைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள்.

மியாட்டாவில் அடிக்கடி போகும் பாகம் இது. கிளட்ச்சை மூடியிருக்கும், கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூட்டின் பக்கவாட்டில், கீழே இருக்கும். அதன் ரப்பர் உறையை விரலால் லேசாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஒழுகுகிறது என்று பொருள். எஞ்சின் அறையில் பின்சுவரை ஒட்டி இருக்கும் சிறிய கிளட்ச் ஆயில் டப்பாவில் திரவம் கறுத்துப்போயிருந்தாலும், அளவு குறைந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பாகம் 50 டாலருக்குள் கிடைக்கும். கூலியோடு 150 முதல் 300 டாலர் வரை நான் விசாரித்த இடங்களில் கேட்டார்கள். நீங்களே செய்தால் இரண்டு பேர், ஒரு மதியம். ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே காற்றை வெளியேற்ற. டாட்-3 பிரேக் திரவம் போதும். பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்லேவ் மாற்றிய சில மாதங்களில் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் தள்ளும் திரவத்தை ஸ்லேவுக்கு அனுப்பும் பாகம்) கைவிடுவது சகஜம். கையில் காசு இருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

5. கியர் ஆயில்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஐந்து கியர் பெட்டிக்கு சுமார் 2 லிட்டர், 75டபிள்யூ-90, ஜிஎல்-4 வகை. கடையில் சுலபமாகக் கிடைப்பது ஜிஎல்-5. அதில் இருக்கும் கந்தகச் சேர்க்கைகள் சில வகைகளில் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது என்பதால் டப்பாவைப் படித்து வாங்குங்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்து, நீங்கள் ஆயிலை வடித்துவிட்டால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். குளிர் காலையில் இரண்டாவது கியர் முதல் சில நிமிடம் முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டியின் சுபாவம், ஏசிக்குச் சம்பந்தமில்லை.

6. ஏசி வாயுவின் அளவு

வாயு குறைந்தால் குளிர் குறையும், அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். கியர் மாற்றுவதிலும் அது தெரியும். வாயு குறைந்த ஏசியில் கம்ப்ரசர் சில நொடிக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விடும். உங்கள் கால் பழகிய கணக்கு ஒரு தடவை சரியாக இருக்கும், அடுத்த தடவை தப்பும். 'சில சமயம் நன்றாக மாறுகிறது, சில சமயம் குலுக்குகிறது' என்ற புகார் வந்தால் முதலில் கம்ப்ரசரின் 'டக்' ஓசையை எண்ணிப் பாருங்கள்.

வாயு அதிகமானாலும் கெடுதல்தான். அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் எஞ்சினை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஏசி ஓடும்போது முன்னால் இருக்கும் கண்டன்சரின் (ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மின்விசிறி சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அது நின்றுபோயிருந்தால், சிக்னலில் நிற்க நிற்க அழுத்தம் ஏறி, பச்சை விழும் நேரத்தில் எஞ்சின் திணறும். நகர்ந்து காற்று பட்டதும் சரியாகிவிடும். அதனால் பட்டறையில் யாருக்கும் பிடிபடாது.

ஆர்-134ஏ சிறு டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன, மலிவும்கூட. ஆனால் ஏற்கெனவே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மேலே ஏற்றுவது குருட்டு வேலை. கசிவை அடைக்கும் ரசாயனம் கலந்த டப்பாவை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பல பட்டறைகள் அது கலந்த வாயுவைத் தங்கள் இயந்திரத்தில் உறிஞ்ச மறுத்துவிடும். உள்ளே இருப்பதை முழுக்க எடுத்து, வெற்றிடம் செய்து, ஸ்டிக்கரில் போட்ட அளவை எடைபோட்டு ஏற்றுவதே சரியான முறை. 150 முதல் 250 டாலர் வரை ஆகும். மார்ச் மாதத்தில் போனால் அன்றே முடியும். ஜூனில் போனால் வரிசையில் நிற்க வேண்டும்.

7. காலைப் பழக்குங்கள்

எல்லாம் சரியாக இருந்தாலும் ஏசி போட்ட கார் கொஞ்சம் வேறு காராகத்தான் இருக்கும். அதற்குப் பழக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து கியர் மியாட்டாவின் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. 4,000 ஆர்.பி.எம்மில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் எஞ்சின் 2,400 அருகே வந்திருக்க வேண்டும். 1,600 இறங்க வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்கு அதே 4,000-இல் மாற்றினால் 3,250 அருகே. இறங்க வேண்டியது சுமார் 750 மட்டுமே. கிளட்ச்சை மிதித்ததும், ஏசி ஓடினால் ஆர்.பி.எம் கொஞ்சம் வேகமாகவே விழும். அதனால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு நிதானமாக மாற்றுபவருக்கு ஏசி சாதகமாகவே இருக்கும். நான்கிலிருந்து ஐந்துக்கு அதே நிதானம் காட்டினால் முள் தேவையான இடத்தைத் தாண்டிக் கீழே போய்விடும், கிளட்ச்சை விட்டதும் கார் பிடித்து இழுக்கும். மேல் கியர்களுக்குப் போகப்போகக் கையை வேகப்படுத்துங்கள், அல்லது கிளட்ச்சை விடும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள்.

கீழ் கியருக்கு வரும்போது இதற்கு நேர்மாறு. மூன்றில் 2,800-இல் வந்து இரண்டுக்கு இறங்கினால் எஞ்சின் 4,000 அருகே ஏற வேண்டும். பிரேக்கை அழுத்தியபடியே ஆக்சிலரேட்டரைத் தட்டி ஏற்றுபவர்கள், ஏசி ஓடும்போது கொஞ்சம் அழுத்தமாகத் தட்ட வேண்டும். முதலில் காலியான வாகன நிறுத்துமிடத்தில் ஏசி ஆஃபில் பழகி, கை, கால் இரண்டும் ஒத்துவந்த பிறகு ஏசியைப் போட்டுப் பழகுங்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 200, 300 ஆர்.பி.எம் கூடுதலாக வைத்துக் கிளட்ச்சை விடுங்கள். மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். கிளட்ச்சைப் பாதி பிடித்துக் காரைத் தாங்கினால், ஏசி சுமையும் சேர்ந்து தகடு சீக்கிரம் தேயும். கிளட்ச் மாற்றும் வேலை பட்டறையில் 1,000 டாலரைச் சுலபமாகத் தொடும். நிற்கப்போகும்போது வெகு தூரம் முன்பே கிளட்ச்சை மிதித்து உருளாதீர்கள். கியரிலேயே வேகத்தைக் குறைத்து, 1,200 அருகே வந்த பிறகு மிதித்தால் எஞ்சின் மெதுவாக ஐடிலில் அமரும்.

ஹைவேயில் சேரும்போது ஏசியை அணைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலான கார்களில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்யூட்டரே கம்ப்ரசரைச் சில நொடி விடுவித்துவிடும். முக்கால்வாசி மட்டும் மிதிப்பவர்களுக்கு அந்த உதவி கிடைக்காது. எதிரே சிறிய இடைவெளிதான் இருக்கிறது என்றால் கைநீட்டி அணைத்துவிடுங்கள், சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு இடையே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி), டிராக் என்று போனால் ஏசி முழுக்க ஆஃப்தான். ரேடியேட்டருக்கும் அது நல்லது. பல கார்களில் முன்கண்ணாடிப் பனி நீக்கும் நிலைக்குத் திருப்பினாலே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்துவிடும். குளிர்காலத்தில் 'ஏசியே போடவில்லை, ஆனாலும் குலுக்குகிறது' என்றால் அந்தத் திருகைப் பாருங்கள்.

8. பட்டறைக்குப் போகும்போது

ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: ஏசி ஆஃபில் ஐடில் எவ்வளவு, ஆனில் எவ்வளவு, 3,000-இலிருந்து விட்டபோது முள் எவ்வளவு கீழே போனது, ரிவர்ஸ் இரண்டு நிலையிலும் எப்படி விழுந்தது, ஒரு நிமிடத்தில் கம்ப்ரசர் எத்தனை தடவை பிடித்தது. கூடவே ஸ்டிக்கர் படங்கள், பழைய ரசீதுகள். 'ஏசி போட்டால் கியர் சரியில்லை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் கியர்பாக்ஸ் வரை போய்விடுகிறார்கள்.

சோதனைக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். 100 முதல் 200 டாலர் வரை கேட்பது வழக்கம். அங்கேயே வேலை செய்தால் அதைக் கழிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீட்டைப் பாகம் வேறு, கூலி வேறு என்று எழுத்தில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏசி ஆஃபில் ஒரு சுற்று, ஆனில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். ஆஃபில் எல்லா கியரும் தடையில்லாமல் விழுந்தால், கழற்றுவதற்கு முன் ஸ்லேவ் சிலிண்டரையும் ஐடில் வால்வையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்த்தாயிற்று என்றால் அதையும் அந்த மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.